டூல் பாக்ஸை உடைத்தும் அலாரம் ஏன் அடிக்கவில்லை? பிக்கப்பில் சென்சார் சேர்ப்பது எப்படி?

கேள்வி: என்னிடம் டபுள் கேப் பிக்கப் இருக்கிறது. கம்பெனியிலேயே அலாரம் வைத்துக் கொடுத்ததுதான். பின்தொட்டியில் பொருத்தியிருந்த டூல் பாக்ஸை நெம்பி உடைத்து டிரில்லிங் மெஷின், கட்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். அலாரம் முனகக்கூட இல்லை. வேறு அலாரம் வாங்காமல், இருப்பதிலேயே சென்சார் சேர்க்க முடியுமா? அதிர்வை உணரும் ஷாக் சென்சார் ஒன்று போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். பேட்டரி இறங்கிவிடாதா? நானே மாட்டிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் அலாரத்தில் பழுது இருக்க வாய்ப்பில்லை. கம்பெனி அலாரம் பெரும்பாலும் காவல் காப்பது கதவுகள், பானெட், இக்னிஷன் இவற்றை மட்டும்தான். கதவுப் பூட்டுக்குள் இருக்கும் சின்ன ஸ்விட்ச் "திறந்தாச்சு" என்று சொன்னால் சைரன் அடிக்கும். கண்ணாடியை உடைத்து, கையை விட்டு, சீட்டில் இருக்கும் பையை எடுத்துக்கொண்டு போனால்கூடப் பல வண்டிகளில் சத்தம் வராது. கதவுதான் திறக்கவில்லையே! பின்தொட்டியில் என்ன நடந்தாலும் அதன் காதுக்கே போகாது.

கடைக்காரர் சொன்னது காருக்குச் சரி. காரின் உடல் முழுக்க ஒரே கூடாக வெல்டிங் செய்யப்பட்டது. டிக்கியில் தட்டினால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சென்சாருக்கு அதிர்வு போய்ச்சேரும். பிக்கப் அப்படியில்லை. கீழே சேசிஸ், அதன்மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கும் கேபின், அதே சேசிஸில் தனியாக போல்ட் போட்டு நிற்கும் பின்தொட்டி. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே கையை விட்டுப் பாருங்கள், விரல் நுழைய இடம் இருக்கும். தொட்டியில் கடப்பாரையால் நெம்பினாலும் அந்த அதிர்வில் பெரும்பகுதியை ரப்பர் புஷ் விழுங்கிவிடும். (ஹோண்டா ரிட்ஜ்லைன் மாதிரி காரைப் போலவே ஒரே கூடாகக் கட்டிய பிக்கப்களும் உண்டு. ஆனால் அவை சிறுபான்மை.) சென்சாரின் உணர்திறனை ஏற்றிவிட்டால் தொட்டி அதிர்வும் எட்டுமே என்று தோன்றும். எட்டும்தான். கூடவே, பக்கத்தில் லாரி போனாலும் இடி இடித்தாலும் அலறும். நாலு ராத்திரி தூக்கம் கெட்டதும் நீங்களே அலாரத்தை ஆஃப் செய்துவிடுவீர்கள்.

ஆகவே பிக்கப்பை மூன்று தனி இடங்களாகப் பிரித்து யோசியுங்கள்: தொட்டி, கேபின், வண்டியின் அடிப்பக்கம். எந்த இடத்தில் எது திருட்டுப்போகும் என்று பார்த்து அதற்குத் தக்க சென்சாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உங்களுக்கு முதலில் தேவை தொட்டிக்கான ஏற்பாடு. டூல் பாக்ஸ் மூடிக்கும் டெயில்கேட்டுக்கும் (தொட்டியின் பின்கதவு) காந்த ஸ்விட்ச் போடுங்கள். ரீட் ஸ்விட்ச் என்று கேட்டால் கிடைக்கும். சின்னக் கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோக நாக்குகள் இருக்கும். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை ஒரு நிலை, விலகினால் மறுநிலை. தேய்ந்துபோக எதுவும் இல்லை. அழுத்திப் பிடிக்கும் பின் ஸ்விட்ச்தான் மலிவு, ஆனால் தொட்டியில் மழைத் தண்ணீரும் சேறும் பட்டு சீக்கிரமே துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். அதை பானெட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு முழுக்க ரெசினில் அடைத்த, ஐபி67 தரமுள்ள (தூசியும் தண்ணீரும் புகாத) ரீட் ஸ்விட்சே சரி.

மாட்டும்போது ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இரும்புத் தகட்டின் மேல் காந்தத்தை அப்படியே ஒட்டினால் காந்தப்புலத்தில் பாதியைத் தகடே இழுத்துக்கொள்ளும். 20 மி.மீ. இடைவெளியில் வேலை செய்யும் என்று அட்டையில் போட்டிருப்பது இரும்பில் பத்துக்குக் குறைந்துவிடலாம். காந்தத்துக்கும் ஸ்விட்சுக்கும் அடியில் சில மி.மீ. கனத்தில் பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். இல்லையென்றால் டெயில்கேட் சற்றே ஆடினாலும் "திறந்தாச்சு" என்று பொய் சொல்லும். 2015 மாடலிலிருந்து வரும் ஃபோர்டு எஃப்-150 போல அலுமினிய உடல் கொண்ட வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் காந்தம் தானாக ஒட்டிக்கொள்ளாது. ரிவெட்தான் அடிக்க வேண்டும்.

ஸ்விட்ச் சொல்வது மூடி திறந்த பிறகுதான். நெம்ப ஆரம்பிக்கும்போதே சத்தம் வர வேண்டுமென்றால், தனியாக ஒரு சின்ன ஷாக் சென்சாரை டூல் பாக்ஸுக்கு உள்ளேயே, மூடியின் கீல் பக்கம், ஸ்குரூ போட்டு இறுக்கிவிடுங்கள். கடைக்காரர் சொன்ன சென்சார்தான், இடம் மட்டும் வேறு. மழைத்துளியின் அடியை பாக்ஸ் தகடு பெரிதாக்கும் என்பதால் உணர்திறனைக் குறைத்தே வையுங்கள். கடப்பாரையின் அடி மழையைவிடப் பலமடங்கு பெரிது, தவறவே தவறாது.

வயரைச் சேசிஸ் ஓரமாக, பின்விளக்கு வயரிங் போகும் பாதையிலேயே, நெளிகுழாய்க்குள் விட்டுக் கொண்டுபோங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் வேண்டாம். கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் வயரைச் சற்றுத் தளர்வாக விடுங்கள். மேடு பள்ளத்தில் இரண்டும் தனித்தனியாக ஆடும்; இறுக்கிக் கட்டிய வயர் கொஞ்ச காலத்தில் அங்கேதான் அறும்.

கேபினுக்கு வருவோம். அங்கே இரண்டு நிலை ஷாக் சென்சார் போதும். லேசான தட்டலுக்கு ஓரிரு பீப், பலமான அடிக்கு முழுச் சைரன். ஸ்டியரிங் தண்டின் பிராக்கெட்டிலோ டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தாங்கியிலோ கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டிக் மேல் டபுள் டேப்பில் ஒட்டினால் வெயிலில் கழன்று தொங்கும், தொங்கும் சென்சார் எதையும் உணராது. கண்ணாடி உடையும் சத்தத்தை மட்டும் கேட்கும் மைக் சென்சாரும் உண்டு. நல்லதுதான், ஆனால் கண்ணாடியை உடைக்காமல் கதவை வளைத்துத் திறப்பவனை அது கண்டுகொள்ளாது.

அல்ட்ராசானிக், மைக்ரோவேவ் என்ற இரண்டு வகைகளை உங்களிடம் விற்கப் பார்ப்பார்கள். அல்ட்ராசானிக் என்பது காதுக்குக் கேட்காத ஒலி, பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸ். நாலு பக்கமும் மூடிய இடத்தில்தான் வேலை செய்யும். கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைத்தாலே காற்று அதைக் குழப்பும். திறந்த தொட்டிக்கு அது உதவவே உதவாது. மேலே கடினக் கூண்டு போட்டு மூடியிருந்தால் உதவும். மைக்ரோவேவ் சென்சார் 10.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் ரேடியோ அலை அனுப்பி அசைவைப் பார்க்கும். கண்ணாடி, துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஊடுருவும், இரும்பில் பட்டால் திரும்பும். அதனால் ஜன்னல் வழியே வெளியே கசிந்து, நடைபாதையில் போகிறவரையும் திருடனாக நினைக்கும். ரெக்சின் மூடி போட்ட தொட்டிக்குள் வைத்தால் காற்றில் படபடக்கும் மூடியே அலாரத்தை அடித்துவிடும். தெருவோரம் நிறுத்தும் வண்டிக்கு இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. சுற்றுச்சுவருக்குள் நிறுத்துகிறீர்கள் என்றால் யோசிக்கலாம்.

அடிப்பக்கத்துக்குச் சாய்வு சென்சார் இருக்கிறது. அலாரம் ஆன் ஆகும் நொடியில் வண்டி எந்தச் சாய்வில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளும். பிறகு ஓரிரு டிகிரி மாறினால் அடிக்கும். சக்கரம் கழற்ற ஜாக்கி போட்டாலும், ஒரு முனையைத் தூக்கிக் கட்டி இழுத்தாலும் கண்டுபிடித்துவிடும். டயரில் காற்று மெதுவாக இறங்குவது போன்ற நிதானமான மாற்றத்தை நல்ல சென்சார் பொருட்படுத்தாது. கப்பலில் வண்டியை ஏற்றும்போது மட்டும் இதை ஆஃப் செய்ய வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் இதுவே பாதுகாப்பு என்று சொல்லி விற்பார்கள். காருக்கு அது சரியாக இருக்கலாம். பிக்கப் உயரமாக நிற்கும் வண்டி. ஜாக்கியே போடாமல் ஒருவன் அடியில் படுத்து அறுத்துக்கொண்டு போய்விடலாம், சாய்வு துளிகூட மாறாது. பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் உள்ளே இருப்பதால்தான் அதற்கு இவ்வளவு கிராக்கி. அந்தப் பயம் இருந்தால் சேசிஸ் குறுக்குச் சட்டத்தில், சூடு படாத இடத்தில், இன்னொரு ஷாக் சென்சார் வையுங்கள். ரம்பத்தின் அதிர்வு சட்டத்தில் நன்றாக ஏறும். கன்வெர்ட்டருக்கு ஒரு தகட்டுக் கவசம் போடுவது எந்தச் சென்சாரைவிடவும் உறுதி.

இனி உங்கள் முக்கியக் கேள்வி: இருக்கும் அலாரத்தில் சேர்க்க முடியுமா? பெரும்பாலும் முடியும், பானெட் ஸ்விட்ச் வயர் வழியாக. பல வண்டிகளில் பானெட் திறந்தால் அந்த வயர் எர்த் ஆகும். சென்சாரும் தூண்டப்பட்டால் தன் சிக்னல் வயரை எர்த் செய்யும். இரண்டையும் இணைத்துவிட்டால் "யாரோ பானெட்டைத் திறந்துவிட்டார்கள்" என்று நினைத்து அலாரம் அடிக்கும். ஆனால் முதலில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் இது தலைகீழ்: மூடியிருக்கும்போது எர்த், திறந்தால் துண்டிப்பு. இன்னும் சிலவற்றில் ஸ்விட்சுக்குள் ரெசிஸ்டர் இருக்கும், மூடினால் ஓம் அளவு ஒன்று, திறந்தால் வேறொன்று. இந்த இரண்டு வகையிலும் நேராக இணைத்தால் வேலை செய்யாது. ரிலேயோ (காயிலில் கரண்ட் ஓடினால் மாறும் ஸ்விட்ச்) தனி மாட்யூலோ தேவை. கதவு, பானெட் தகவல் எல்லாம் கேன் பஸ் (வண்டியின் எலெக்ட்ரானிக் யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது வயர்) வழியாகவே போகும் வண்டியில் வயரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் மாடலுக்கான கேன் மாட்யூல் உள்ள தனி அலாரம் வாங்குவதே மேல். பழைய ரிமோட்டிலேயே அது வேலை செய்யும்.

ஒரே வயரில் பல சென்சார்கள் சேரும்போது ஒவ்வொன்றுக்கும் கரண்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று போடுங்கள், 1என்4007 போதும். எர்த் கொடுத்துத் தூண்டும் சென்சாருக்கு, டையோடில் உள்ள வெள்ளைக் கோடு சென்சார் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றின் சிக்னல் இன்னொன்றுக்குள் நுழைந்து கண்டபடி நடக்கும்.

வண்டி ஓடும்போது சென்சார்கள் உயிரோடு இருக்கக் கூடாது. குழியில் இறங்கியதும் "பானெட் திறந்திருக்கிறது" என்று டாஷ்போர்டு மிரட்டும், ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருந்தால் அதுவும் நின்றுபோகும். ஐந்து கால் ரிலே ஒன்றை எடுத்து, காயிலை இக்னிஷனுக்குக் கொடுத்து, சென்சார்களுக்கான மின்சாரத்தை 87ஏ கால் (காயிலில் கரண்ட் இல்லாதபோது மட்டும் இணைப்பில் இருப்பது) வழியாக எடுங்கள். இக்னிஷன் போட்டால் சென்சார்கள் அணையும், எடுத்தால் உயிர் பெறும். வண்டி நிற்கும்போது காயிலில் கரண்ட் ஓடாது என்பதால் பேட்டரிக்கும் பாரமில்லை. காந்த ஸ்விட்சுக்கு மின்சாரம் தேவையில்லை, அதனால் அதன் எர்த் வயரை இதே மாதிரி இன்னொரு ரிலே வழியாக விடுங்கள். சரக்கு நீட்டிக்கொண்டிருக்க டெயில்கேட்டைத் திறந்தபடி ஓட்டும் நாளில் தொல்லை இராது.

பேட்டரிக் கணக்கு எளிது. நிற்கும் வண்டி மொத்தமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் அளவு. அது நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஷாக் சென்சார் சில மில்லி ஆம்பியர்தான் எடுக்கும், கவலை வேண்டாம். வயரை வெட்டினாலும் அடிக்க வேண்டும் என்று, ஒரு சுற்று வயரில் (லூப்) எப்போதும் கரண்ட் ஓடவிட்டு சாதாரண ரிலேயின் காயிலைப் பிடித்தபடி வைப்பவர்கள் உண்டு, அங்கேதான் ஆபத்து. அந்தக் காயில் ஒன்றே ஏறத்தாழ 140 மில்லி ஆம்பியர் குடிக்கும், நாளைக்கு 3.4 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாள் சும்மா நின்றாலே பாதி காலி, ஸ்டார்ட் ஆவது சந்தேகம். வெட்டினால் அடிக்கும் லூப் வேண்டுமென்றால் அதற்கென்றே வரும், மிகக் குறைந்த கரண்ட் எடுக்கும் எலெக்ட்ரானிக் மாட்யூலைப் போடுங்கள். ஸ்டெப்னி சக்கரத்துக்குள்ளும் அந்த லூப் வயரை ஒரு சுற்று விட்டுக்கொள்ளலாம்.

நீங்களே மாட்டலாமா? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்து, வயரைச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடும் பொறுமை இருந்தால் தொட்டி வேலை முழுவதையும் நீங்களே செய்யலாம். பிளஸ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடுங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் உறை போட்ட வயர்களைத் தொடவே கூடாது, அவை ஏர்பேக்கினுடையவை. பல்ப் வைத்த டெஸ்ட் லைட்டால் குத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்த பல்ப் இழுக்கும் கரண்ட்டே எலெக்ட்ரானிக் யூனிட்டை எரித்துவிடலாம். பானெட் வயரில் ரெசிஸ்டர் வகை, கேன் பஸ் என்று வந்தால் மட்டும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். வாரண்டி இன்னும் ஓடுகிறதென்றால், கம்பெனி வயரிங்கில் கை வைப்பதற்கு முன் டீலரிடம் கேட்டுவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஷாக் சென்சார்களின் உணர்திறனை அடிமட்டத்தில் வைத்து அலாரத்தை ஆன் செய்யுங்கள். உள்ளங்கையால் டூல் பாக்ஸை ஓங்கித் தட்டுங்கள். அடிக்கவில்லையென்றால் திருகைக் கொஞ்சமாக ஏற்றி மறுபடி தட்டுங்கள். முதல் பீப் வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே ஓட்டிவிட்டு, வீண் சத்தம் எதுவும் வரவில்லையென்றால் மட்டும் இன்னொரு துளி ஏற்றலாம்.