கிரியாட்டினின் 1.2, அல்புமின் 180

கேள்வி: ஆண், வயது 54. 12 வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும், பிரஷருக்கு ஆம்லோடிபினும் சாப்பிடுகிறேன். கிரியாட்டினின் 1.2, நார்மல் என்றார்கள். ஆனால் யூரின் ஏ.சி.ஆர். 180. கிட்னி பழுதாகுமா என்று முன்கூட்டியே சொல்லும் புதுச் சிறுநீர்ப் பரிசோதனைகள் வந்திருப்பதாக மகன் சொல்கிறான். எடுத்துப் பார்க்கட்டுமா டாக்டர்?

பதில்: மகன் சொல்வதுபோல் முன்கூட்டியே சொல்லும் பரிசோதனையை நீங்கள் ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள். அந்த ஏ.சி.ஆர். 180-தான் அது. சிறுநீரில் அல்புமின் எவ்வளவு கசிகிறது என்பதைக் கிரியாட்டினினோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது.

சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் தாமதமாகத்தான் குரல் கொடுக்கும். வடிகட்டும் திறன் ஏறக்குறைய பாதி போன பிறகே பலருக்கு அது அளவைத் தாண்டுகிறது. உங்கள் வயதில் 1.2 என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறனின் கணக்கு, சுமார் 72. மோசமில்லை. அல்புமின் ரத்தத்திலேயே தங்க வேண்டிய புரதம். சர்க்கரையால் சிறுநீரகச் சல்லடை சேதமாகத் தொடங்கியதும் அது சிறுநீரில் ஒழுகும். 30-க்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. அதற்கு மேல் கடுமையானது.

அதற்காக ஒரே ரிப்போர்ட்டை வைத்துக் கலங்க வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடும் உடற்பயிற்சி, எகிறிக் கிடந்த சர்க்கரை, இவற்றில் ஏதாவது ஒன்றே எண்ணை ஏற்றிவிடும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுத்து, 3 முதல் 6 மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பாருங்கள். மூன்றில் இரண்டு 30-ஐத் தாண்டினால் கசிவு உறுதி.

சரி, புதுப் பரிசோதனைகள்? என்.ஜி.ஏ.எல்., கிம்-1 இரண்டும் சிறுநீரகக் குழாய்கள் அடிபட்டிருப்பதைக் காட்டுபவை. ஆனால் ஏ.சி.ஆரும் இ.ஜி.எஃப்.ஆரும் கையில் இருக்கும்போது, உங்களைப் போன்றவருக்கு அவை புதிதாகச் சொல்வது குறைவு. சிறுநீரிலுள்ள 273 பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) அலசும் பரிசோதனையும் உண்டு. ஐரோப்பாவில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், கசிவு தொடங்காத சர்க்கரை நோயாளிகளில் யாருக்குத் தொடங்கும் என்பதை அது ஓரளவு சரியாகவே கணித்தது. அப்படிக் கணிக்கப்பட்டவர்களுக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள், கசிவைத் தடுக்க முடியவில்லை. உங்களுக்குக் கசிவு தெரிந்தே இருக்கிறது. அந்தப் பணத்தைச் சிகிச்சைக்கு வையுங்கள்.

ஏனென்றால் 180 என்பது குறைக்கக்கூடிய எண். ஆம்லோடிபின் பிரஷரைக் குறைக்கும், கசிவை அவ்வளவாகக் குறைக்காது. கசிவு உறுதியானால், பிரஷரோடு கசிவையும் குறைக்கும் டெல்மிசார்டான் போன்ற மாத்திரை உங்களுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின் பற்றியும் கேளுங்கள். சர்க்கரை மாத்திரையாக வந்தது, இப்போது சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுக்கிறோம். அப்புறம், மூட்டு வலிக்கென்று டைக்ளோஃபெனாக்கைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

டெல்மிசார்டான் தொடங்கினால் 2 முதல் 4 வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கலாம். பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வோம். அதைப் பார்த்து மிரண்டு, டாக்டரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.