ஊருக்கு மாஸ்டர் பிளான் வரும்முன் குடியிருப்போர் சங்கம் கையில் வைத்திருக்க வேண்டியவை

கேள்வி: கூடுவாஞ்சேரிக்கு அருகே ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறோம். வயலாக இருந்த இடமெல்லாம் மனைப்பிரிவுகளாகிவிட்டன. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு வீடு கட்டும் வேகம் இன்னும் கூடிவிட்டது. ஒரு மனைப்பிரிவிலிருந்து அடுத்த மனைப்பிரிவுக்குப் போக ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பெருமழை பெய்தால் நான்கு தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் பகுதிக்குத் திட்டம் தயாராகிறது என்கிறார்கள். ஆய்வு செய்து மனு கொடுக்கலாம் என்று ஒரு நிறுவனத்தை அணுகினோம். அவர்கள் கேட்ட கட்டணம் எங்களால் முடியாது. நாங்களே எதைச் செய்ய முடியும்? செய்தால் அதற்கு மதிப்பு இருக்குமா?

பதில்: மதிப்பு உண்டு. திட்டம் தயாரிப்பவர்களிடம் செயற்கைக்கோள் படம் இருக்கும், மக்கள்தொகைக் கணிப்பு இருக்கும். உங்கள் தெருவில் தண்ணீர் எந்த மதகிலிருந்து வந்து எந்தச் சிறுபாலத்தில் முட்டி நிற்கிறது என்பது அவர்களிடம் இருக்காது. அதைப் புல எண்ணோடு (சர்வே எண்) எழுதித் தந்தால்தான் அது திட்டத்துக்குள் போகும். 'எங்கள் பகுதி மிகவும் பாதிக்கப்பட்டுள்ளது' என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனுவை வைத்துக்கொண்டு வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்ற முடியாது. ஆகவே உங்கள் ஆய்வின் குறி ஒன்றே: குறையைப் புல எண்ணாக மாற்றுவது.

முதலில் நீங்கள் யாருடைய எல்லையில் இருக்கிறீர்கள் என்பதை உறுதி செய்யுங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதி நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது; வண்டலூரைத் தாண்டிய உங்கள் பக்கம் அதில் இல்லை. 2022-இல் அந்த எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) ஒருபுறமும், பழைய எல்லைக்கு வெளியே உள்ள சில நகரங்களுக்கான புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் மறுபுறமுமாக வேலை பிரிந்து நடக்கிறது. உங்கள் வருவாய்க் கிராமம் எந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, மனைப்பிரிவு அனுமதி இப்போது எந்த அலுவலகத்தில் வழங்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுவிடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

சட்டம் உங்களுக்குத் தரும் வாய்ப்பையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971, பிரிவு 26-இன்படி வரைவுத் திட்டத்தை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவித்து, ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களை நேரில் கேட்கவும் வேண்டும். இரண்டு மாதம் என்பது படிக்கவே போதாத காலம். அறிவிப்பு வந்த பிறகு அளக்கத் தொடங்கினால் ஒன்றும் முடியாது. அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

அளக்க வேண்டியதில் முதலாவது தண்ணீர். மற்ற எதற்கும் நேரமில்லாவிட்டாலும் இதை விடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடமும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் இருக்கும்; அ-பதிவேட்டுப் பகுதியையும் புலப்படத்தையும் அரசின் இணைய சேவையிலும் எடுக்கலாம். அதில் ஏரி, ஓடை, வாய்க்கால் என்று வகைப்பாடு உள்ள புல எண்கள் எல்லாவற்றையும் தனியே எழுதுங்கள். வரைபடத்தில் அவற்றை நீல மையால் தீட்டிவிட்டு, அந்தத் தாளோடு ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழியும் கலங்கலிலிருந்து தொடங்கி, தண்ணீர் போகும் திசையிலேயே போக வேண்டும். எந்த இடத்தில் வாய்க்கால் மறைகிறது, எங்கே அதன் மேல் சாலை போட்டிருக்கிறார்கள், எங்கே சுற்றுச்சுவர் வந்திருக்கிறது என்று குறியுங்கள். ஊரில் பழைய பாசனக்காரர்கள் ஓரிருவர் இருப்பார்கள். அவர்களைக் கூட அழைத்துச் செல்லுங்கள். எந்த மடை எந்த வயலுக்குப் பாய்ந்தது என்பது அவர்கள் சொன்னால்தான் தெரியும்.

போகிற வழியில் ஒவ்வொரு சிறுபாலத்தின் அகலத்தையும் உயரத்தையும் நாடாவால் அளந்து எழுதுங்கள். தண்ணீர் வரும் பக்கம் அகலமான பாலமும் அது போகும் பக்கம் குறுகலான குழாயும் இருப்பது புறநகர்களில் சகஜம். வெள்ளத்துக்குக் காரணம் பல சமயம் அந்த ஓர் இடம்தான். ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் தண்ணீர் கடக்கும் புள்ளிகளை விசேஷமாகப் பாருங்கள். அவை நெடுஞ்சாலைத் துறைக்கும் ரயில்வேக்கும் உரியவை. ஊராட்சி நினைத்தாலும் அகலப்படுத்த முடியாது. அந்தக் கோரிக்கை வேறு மேசைக்குப் போக வேண்டும்.

அடுத்து வெள்ளத்தின் மட்டம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது சுவர்க் கறையிலும் வீட்டுக்காரர் நினைவிலும் இருக்கும். தரையிலிருந்து மூன்றடி என்று எழுதிக்கொள்வதால் பயனில்லை, ஏனென்றால் தெருவுக்குத் தெரு தரை மாறும். கோயில் படிக்கட்டு போன்ற அசையாத ஓர் இடத்தைப் பொது மட்டமாக வைத்து, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயைக் கொண்டே எல்லா அடையாளங்களையும் அதோடு ஒப்பிட்டுவிடலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவை இதற்கு நம்பாதீர்கள். பெரும்பாலும் அது முப்பது மீட்டர்க் கட்டங்களாக இருக்கும், பிழையே சில மீட்டர் இருக்கும். உங்கள் பகுதி போன்ற சமதளத்தில் தண்ணீரின் போக்கை அரை மீட்டர் வித்தியாசம் தீர்மானித்துவிடும். சங்கத்தின் பணத்தை எதற்காவது செலவிட வேண்டுமென்றால், உரிமம் பெற்ற நில அளவர் ஒருவரை வைத்து முக்கியமான சந்திப்புகளின் மட்டத்தைத் துல்லியமாக எடுப்பதற்குச் செலவிடுங்கள். வண்ண அறிக்கைக்கு வேண்டாம்.

இரண்டாவது சாலை. மனைப்பிரிவுகள் ஒவ்வொன்றாக அனுமதி பெறுகின்றன. ஒன்றின் சாலை அடுத்ததன் சுவரில் முடிகிறது. நீங்கள் சுற்றிப் போவதற்குக் காரணம் இதுதான். முழுமைத் திட்டம் பெரிய சாலைகளையும் நிலப் பயன்பாட்டையும்தான் காட்டும், தெரு இணைப்புகளைக் காட்டாது. அதற்கு விரிவான வளர்ச்சித் திட்டம் என்று அடுத்த படி ஒன்று சட்டத்தில் இருக்கிறது. அதை உங்கள் பகுதிக்குத் தயாரிக்கக் கோருங்கள். கோரும்போதே சுவரில் முட்டும் சாலைகளைப் பட்டியலிட்டு, இடையில் எத்தனை அடி நிலம் எந்தப் புல எண்ணில் கிடக்கிறது என்று காட்டுங்கள். காலி மனையாக இருக்கும்வரைதான் இணைப்புச் சாலைக்கு வழி உண்டு. ஒரு வீடு எழும்பிவிட்டால் அந்த வழி அடைந்துவிடும்.

திட்டத்தில் கோடு வரைந்துவிட்டதால் சாலை வந்துவிடும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அதே சட்டத்தின் பிரிவு 38-இன்படி, ஒதுக்கிய நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிப்போ பேசி வாங்குவதோ மூன்று ஆண்டுக்குள் நடக்கவில்லையென்றால் அந்த ஒதுக்கீடு விலகிவிடும். எத்தனையோ பூங்காக்களும் இணைப்புச் சாலைகளும் இப்படித்தான் காகிதத்திலேயே கரைந்தன. திட்டம் அறிவிக்கப்பட்ட நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, முதல் ஆண்டிலேயே தொடர்ந்து கேட்க வேண்டும்.

சாலையோடு சேர்த்துத் திறந்தவெளியையும் சரிபாருங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்ப முடியாது, நிலமாகவே தர வேண்டும். சாலையும் அந்த நிலமும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதப்பட்டிருக்கும். பட்டாவும் ஊராட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியும் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடப்பது உண்டு. அந்த ஓட்டையில்தான் பூங்கா நிலம் மறுபடி விலைபோகிறது. நாளை உங்கள் ஊராட்சி நகராட்சியோடு இணைக்கப்படலாம். கோப்புகள் கைமாறும் வேளையில் இந்தப் பத்திரங்கள்தான் முதலில் காணாமல் போகும். நகல் எடுத்துச் சங்கத்தில் வைத்திருங்கள்.

மூன்றாவது, தலைக்கணக்கு. அதிகாரபூர்வமாகக் கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அடுத்தது 2027 மார்ச் 1-ஐ வைத்துத்தான். இடையில் உங்கள் ஊர் பலமடங்கு ஆகியிருக்கும். வீட்டுவரி ரசீதுகளின் எண்ணிக்கையை ஊராட்சியில் கேளுங்கள். பிறகு ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று போய், எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து, கோடையில் லாரிக்கு எவ்வளவு, கழிவுநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள், வேலைக்கு எங்கே எப்படிப் போகிறீர்கள் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாற்பது கேள்வி கேட்டால் பத்தாம் வீட்டிலேயே சலித்துவிடும். காலி மனைகளையும் எண்ணுங்கள். அனுமதி பெற்று விற்ற ஒவ்வொரு மனைக்கும் நாலு பேர் கொண்ட ஒரு குடும்பம் வரப்போகிறது என்று பொருள்.

எண்ணிக்கை கிடைத்தால் கணக்கு எளிது. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளைக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டு அளவு. பன்னிரண்டாயிரம் பேருக்கு 70 லிட்டர் வீதம் என்றாலே 8.4 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி எழுபது. அதில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராக வெளியே வரும். அது எங்கே போகிறது என்ற கேள்வியை மனுவில் எழுப்புங்கள். கோவைக்கு வடக்கே பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளில் தமிழ்நாடு நகர்ப்புறத் துப்புரவு ஆதரவுத் திட்டத்தினர் கழிப்பறை, தொட்டி, லாரி, கொட்டும் இடம் என்று முழுச் சங்கிலியையும் ஆராய்ந்து, அதையொட்டி வேலை செய்தார்கள். உங்கள் ஊரில் அதன் சிறு வடிவம் போதும்: லாரி ஓட்டுநர் ஒருவரிடம் மரியாதையோடு பேசினாலே கொட்டும் இடம் தெரிந்துவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வாய்க்காலைக் குறிக்கும்போது அதன் கரையில் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களும் வரைபடத்தில் வந்துவிடுவார்கள். 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டதும், வேலையும் பள்ளியும் எட்டாத தூரத்தில் அவர்கள் பட்ட பாடும் தெரிந்ததுதான். உங்கள் தெருவில் தண்ணீர் வடிய இன்னொருவர் வீடு இழப்பது நியாயமாகாது. கணக்கெடுப்பில் அவர்களையும் சேருங்கள். மாற்று இடம் அதே ஊராட்சிக்குள் வேண்டும் என்பதை உங்கள் கோரிக்கையாகவே எழுதுங்கள். அதே வாய்க்காலை மறித்து நிற்கும் பெரிய சுற்றுச்சுவர்களையும் விடாமல் குறியுங்கள்.

உதவிக்கு ஆள் வேண்டுமென்றால், அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி போன்ற இடங்களின் துறைத் தலைவருக்குப் பருவம் தொடங்கும் முன்பே எழுதுங்கள். நகரமைப்பு மாணவர்களுக்குக் களப்பணி பாடத்தின் பகுதி. சுத்தமாக எடுத்த தரவு தயாராக இருக்கும் ஊர் என்றால் ஆசிரியர்கள் விரும்புவார்கள்.

மனு எழுதும்போது ஒரு பிரச்சினைக்கு ஒரு தாள். மேலே புல எண், நடுவில் வரைபடத் துண்டும் தேதியிட்ட படமும், கீழே வரைவில் எதை எப்படி மாற்ற வேண்டும் என்று ஒரே வாக்கியம். இதையே கிராம சபையிலும் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மான எண்ணை மனுவில் குறிப்பிட்டால் அது ஊராட்சியின் குரலாகிவிடும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். விசாரணைக்கு அழைத்தால், பேச்சு வல்லவரை அனுப்புவதைவிட அளந்தவரையே அனுப்புங்கள்.

ஒருவேளை உங்கள் பகுதிக்கான கெடு ஏற்கெனவே முடிந்திருந்தாலும் வேலை வீணாகாது. ஒப்புதலான திட்டத்தைத் திருத்தவும் அதே சட்டத்தில் இடமுண்டு. தனித்தனி நிலங்களை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்கும்போது நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் வரும் புல எண் உங்கள் நீலக் கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த வாரமே ஆட்சேபணையை அனுப்புங்கள்.