குடம் காரணமில்லை

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு வயது 19. ஒரு வருடமாகச் சிடுசிடுப்பு, காரணமில்லாத அழுகை. கல்லூரிக்கும் போவதில்லை. மனநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், உடம்பு விறைத்துப்போனது. இப்போது பேச்சும் குழறுகிறது. கண்ணைப் பரிசோதித்துவிட்டு, உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோய் என்கிறார்கள். வீட்டில் செம்புக்குடத்துத் தண்ணீர்தான் குடிக்கிறோம். அதனாலா? அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். அம்மா அழுதபடியே இருக்கிறார்.
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், குடம் காரணமில்லை. சாப்பாட்டில் வரும் செம்பில் மிஞ்சியதைக் கல்லீரல் பித்தநீரோடு வெளியே தள்ளிவிடும். அந்த வேலைக்கான ஏடிபி7பி என்ற மரபணு தம்பிக்குப் பிறவியிலேயே பழுது. செம்பு கல்லீரலில் தேங்கி, அப்புறம் மூளைக்கும் கருவிழி ஓரத்துக்கும் போகிறது. கண்ணில் பார்த்த பழுப்பு வளையம் அதுதான். தம்பியின் கோபமும் அழுகையும் இதே நோயின் வேலை, அவன் குணம் கெட்டுப்போகவில்லை. 1912இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த நோயை விவரித்தபோதே மன மாற்றங்களையும் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் தவறவிடுகிறோம். நானே ஒரு பையனை ஐந்து மாதம் மனச்சோர்வு என்று பார்த்தேன். ஒருநாள் அவன் அம்மா இரண்டு நோட்டுகளை என் மேசையில் விரித்தார். ஒன்பதாம் வகுப்பில் குண்டு குண்டாக இருந்த எழுத்து, பிளஸ் டூவில் எறும்பு ஊர்ந்ததுபோல் சுருங்கிக் கோட்டைவிட்டு இறங்கியிருந்தது. அன்றுதான் கண் பரிசோதனைக்கு அனுப்பினேன். அந்த ஐந்து மாதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

மனநோய்க்கான சில மாத்திரைகள் இவர்களைச் சீக்கிரம் விறைக்க வைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் கலந்து பேசி மாற்றட்டும். செம்பைச் சிறுநீரில் வெளியேற்ற பெனிசிலமின் 1956 முதலே இருக்கிறது. குடலில் செம்பு ஏறாமல் தடுக்கத் துத்தநாக மாத்திரையும் உண்டு. தம்பிக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தொடக்கத்தில் நடுக்கமோ குழறலோ கொஞ்சம் கூடலாம்; உடனே சொல்லுங்கள். தேற மாதக்கணக்காகும். தேறிவிட்டான் என்று மாத்திரையை நிறுத்திவிடவே கூடாது, ஆயுளுக்கும் வேண்டும். அவனுக்குச் செம்புப் பாத்திரத் தண்ணீரும் ஈரலும் வேண்டாம்.

பெற்றோர் இருவரிடமும் பழுதான மரபணு ஒன்று இருந்திருக்கிறது. அது அவர்களுக்கே தெரியாது. சொந்தத்தில் மணந்தால் அப்படி இரண்டும் சேரும் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். உங்களுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தொந்தரவு வரும்வரை காத்திருக்காமல் ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினுக்கான பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு, கண் பரிசோதனை மூன்றையும் இந்த மாதமே செய்துகொள்ளுங்கள்.