கரு ஊதா மக்னோலியா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இங்கிலாந்தில் தோட்ட வேலைதான் என் தொழில். ஏப்ரலில் மக்னோலியா மரங்கள் பூத்துவிட்டால், அடர்ந்த நிறத்தில் பூப்பவை பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, கடையில் நாலைந்து பெயரில் "கறுப்பு மக்னோலியா" விற்கிறார்கள். சின்னத் தோட்டத்துக்கு எது சரி? (ஹாரோ)

முழுக் கறுப்பில் பூக்கும் மக்னோலியா கிடையாது. கரு ஊதா, அடர் சிவப்பு ஊதா, அவ்வளவுதான். இவற்றில் பழையது 'நைக்ரா'. சீனாவின் லிலிஃப்ளோரா இனத்தில் வந்த இந்த வகையை ஜான் கூல்ட் வீச் 1861இல் ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். இதழின் வெளிப்பக்கம் கரு ஊதா, உள்பக்கம் வெளிறியிருக்கும். 'சூசன்' அமெரிக்க தேசிய மரப்பூங்காவில் 1950களில் செய்த கலப்பு: நைக்ராவையும் நட்சத்திர மக்னோலியாவையும் சேர்த்தார்கள். 'ப்ளாக் துலிப்' நியூசிலாந்தின் மார்க் ஜூரி உருவாக்கியது. கிண்ணம் போன்ற பூ, இருப்பதிலேயே அடர்ந்த நிறங்களில் ஒன்று, ஆனால் மரமாக உயர்ந்துவிடும். அதே நாட்டின் வான்ஸ் ஹூப்பர் தந்த 'ஜீனி' அதைவிடச் சிறியது.

என்னைக் கேட்டால் நைக்ராதான். மூன்று மீட்டர் அளவில் புதராக நிற்கும். மற்றவை பூத்த பிறகு மெதுவாகப் பூப்பதால் உறைபனியிலிருந்து பெரும்பாலும் தப்பிக்கும். கோடையிலும் அங்கொன்று இங்கொன்றாகப் பூக்கும். அந்தப் பூக்களில் நிறம் கொஞ்சம் குறைவாக இருந்தால் கவலைப்படாதீர்கள்.

விரியப் போகிற நேரத்தில் மொட்டெல்லாம் பழுப்பாகிவிட்டது. நோயா? (பர்மிங்ஹாம்)

இல்லை, உறைபனி. இரவில் உறைந்த மொட்டின் மேல் காலை வெயில் நேராகப் பட்டு வேகமாக உருகும்போது சேதம் அதிகமாகும். அதனால்தான் கிழக்குப் பார்த்த இடத்தில் நட வேண்டாம் என்கிறோம். மேற்குச் சுவரோரம் நல்லது. பனி வரும் என்று சொன்ன இரவில் ஃப்ளீஸ் துணியைப் போர்த்தி வையுங்கள். இந்த வருடப் பூ போனாலும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

வருடாவருடம் பிப்ரவரியில் ஒழுங்காகக் கவாத்து செய்கிறேன், உரமும் போடுகிறேன். இலை செழிப்பாக வருகிறது, பூதான் இல்லை. (லெஸ்டர்)

நீங்கள் வெட்டிப் போடுவதே பூவைத்தான். வசந்தத்தில் விரியும் மொட்டு முந்தைய கோடையிலேயே கிளை நுனியில் உருவாகிவிடும். குளிர்காலத்தில் அந்தப் பட்டு ரோமம் போர்த்திய மொட்டுகளைப் பார்த்திருப்பீர்களே, அவைதான். கத்தரிக்கோலை நுனியில் வைத்தால் அந்த வருடப் பூ போச்சு.

கட்டாயம் வெட்ட வேண்டுமானால் இலை நன்றாக விரிந்த பிறகு, ஜூலை வாக்கில் வெட்டுங்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் வெட்டினால் காயத்திலிருந்து சாறு வடியும். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, இவற்றை எடுத்தால் போதும். கடுமையாக வெட்டினால் பிரம்பு மாதிரி நேராகக் குச்சிகள் எழும். அவற்றில் பூ வர வருடங்கள் ஆகும்.

உரம் விஷயம்: தழைச்சத்து கூடினால் இலை மட்டும்தான் கொழிக்கும். உரத்தை நிறுத்துங்கள். மாறாக ஜூலை, ஆகஸ்டில் மழை இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றுங்கள், மொட்டு பிடிக்கும் காலம் அது.

வீடு மாறுகிறோம். ஏழெட்டு வருட மரத்தைத் தோண்டி எடுத்துப் போகலாமா அக்கா? (கிராய்டன்)

மனசு புரிகிறது தம்பி, ஆனால் வேண்டாம். மக்னோலியாவின் வேர் சதைப்பற்றானது, மேலாகப் படர்வது, எளிதில் முறிவது. முறிந்த வேர் நன்றாக ஆறாது. அந்த வயதில் பெயர்த்தால் பிழைப்பது அரிது, பிழைத்தாலும் பல வருடம் முடங்கிக் கிடக்கும். அங்கேயே விட்டுவிட்டு ஒரு பதியன் எடுத்துப் போங்கள். எப்படி என்று கடைசிப் பதிலில் சொல்கிறேன்.

வேர் இப்படி இருப்பதால்தான் மரத்தடியில் மண்வெட்டி போடாதீர்கள், பூச்செடி நட்டு நட்டுப் பிடுங்காதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறேன். களை வந்தால் கையால் எடுங்கள். இலைமக்கு அல்லது மரப்பட்டைத் தூளால் மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டிக் குவிக்காமல். நடும்போதும் தொட்டியில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்கக் கூடாது.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. (கிழக்கு லண்டன்)

சுண்ணாம்பு. அந்தப் பக்கக் குழாய்த் தண்ணீர் கடினமானது. மண்ணிலும் சுண்ணாம்பு கூடினால் மரத்தால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள், எரிகேசியஸ் கம்போஸ்டை (அமிலத்தன்மையுள்ள மக்கு) மேலே பரப்புங்கள். அவசரத்துக்குச் செலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவிலான இரும்புச் சத்து) கொடுக்கலாம்.

டொரோண்டோ குளிரைத் தாங்குமா? பக்கத்து வீட்டு மரத்தில் கிளையெல்லாம் பிசுபிசுத்துக் கறுத்திருக்கிறது, அதுவும் பயம். (ஸ்கார்பரோ)

சூசன் தாங்கும். காற்றுக்கு மறைவான இடமாகப் பாருங்கள்.

பக்கத்து வீட்டில் இருப்பது மக்னோலியா செதில் பூச்சியாக இருக்கும். கிளையை ஒட்டிப் புடைப்பு புடைப்பாக உட்கார்ந்து சாறு குடிக்கும். அது விடும் தேன்போன்ற கழிவில் கரும்பூஞ்சை படரும். மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். குஞ்சுகள் ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் ஊர்ந்து வெளிவரும்போது தோட்ட எண்ணெய் தெளித்தால் நன்றாகக் கேட்கும்.

சென்னையில் மொட்டை மாடியில் வைக்கலாமா?

பணத்தை வீணாக்காதீர்கள். இலை உதிர்த்துக் குளிரில் ஓய்வெடுத்தால்தான் இது ஒழுங்காகப் பூக்கும். நம் செண்பகமும் மக்னோலியா குடும்பம்தான், இன்று அதன் அறிவியல் பெயரே மக்னோலியா சம்பாகா. நிறம் வேறு, ஆனால் வாசனையில் நைக்ரா அதன் கிட்டே வராது. அதை நிலத்தில் வையுங்கள்.

பதியன் எப்படிப் போடுவது?

வசந்தத்தில், தாழ்ந்த, வளையக்கூடிய கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் சாய்வாகச் சின்ன வெட்டு. மணலும் இலைமக்கும் கலந்த பள்ளத்தில் வெட்டுப்பட்ட இடத்தைப் புதைத்து, கம்பிக் கொக்கியால் அழுத்தி, நுனியைக் குச்சியில் நிமிர்த்திக் கட்டுங்கள். மண் காயக் கூடாது. வேர் பிடிக்க ஒன்றிரண்டு வருடம் ஆகும், நடுவில் இழுத்துப் பார்க்காதீர்கள். வீடு அதற்குள் மாறுவதானால், புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவைத்துவிட்டு, வேர் பிடித்ததும் போய் எடுத்துக்கொள்ளுங்கள்.