குளத்து மீன் கணக்கு: 60 மாதம் ஓட்டிப் பார்த்தால் போதுமா?

கேள்வி (கடலூர் கூத்தப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர்): எங்கள் குளத்தில் ஜிலேபி மீன் தானாகவே பெருகுகிறது. கல்லூரி புராஜெக்டுக்காக அதற்கு லாஜிஸ்டிக் வகைக்கெழுச் சமன்பாடு (குளம் நிரம்ப நிரம்ப வளர்ச்சி குறைவதைக் காட்டும் சமன்பாடு) எழுதினேன். குளம் தாங்கும் அளவு 1000 கிலோ, வளர்ச்சி வீதம் மாதத்துக்கு 0.2, மாதம் 52 கிலோ பிடிப்பு என்று வைத்துக்கொண்டேன். 1000 கிலோவில் தொடங்கி கம்ப்யூட்டரில் 60 மாதம் ஓட்டியதில் கோடு 500 பக்கம் வந்து படுத்துவிட்டது. அதையே நிலையான அளவு என்று எழுதலாமா? இன்னொன்று, பிடிப்பே இல்லாமல் 12 மாதப் படி வைத்து (ஒவ்வொரு தாவலிலும் 12 மாதம் நகர்த்தி) ஓட்டினால் விடை மேலும் கீழும் குதிக்கிறதே, ஏன்?

பதில்: தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்தக் கோடு நிற்கவில்லை, இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதே கணக்கை இன்னும் நீட்டுங்கள், 138-ஆம் மாதம் முடிவதற்குள் குளம் காலியாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டரே வேண்டாம். மீனின் மொத்த எடையை ‘ம’ என்போம். உங்கள் சமன்பாடு இது:

மாத மாற்றம் = 0.2 × ம × (1 − ம/1000) − 52

முதல் பகுதி மீன் பெருகும் வேகம். ‘ம’ 500 ஆக இருக்கும்போதுதான் அது உச்சம், அப்போதும் 50 கிலோதான். நீங்கள் எடுப்பதோ 52. ஆகவே வலப்பக்கம் எந்த அளவிலும் பூஜ்யமாகாது, எப்போதும் கழித்தல்தான். சமநிலைப் புள்ளியே (மாற்றம் பூஜ்யமாகும் அளவே) இல்லாத சமன்பாட்டில் கோடு எங்கே போய் நிற்கும்?

பிறகு ஏன் நின்றதுபோலத் தெரிந்தது? 500 பக்கத்தில் மாதத்துக்குச் சுமார் 2 கிலோதான் குறைகிறது. 1000 கிலோ வரை அளவிட்ட வரைபடத்தில் 2 கிலோ என்பது பென்சில் கோட்டின் தடிமன் அளவுகூட வராது. எண்களைப் பாருங்கள்: 48-ஆம் மாதம் 544, 60-இல் 518, 72-இல் 493. 600-இலிருந்து 400-க்கு இறங்கவே 78 மாதத்துக்கு மேல் ஆகிறது. அதன்பின் இருப்பு குறையக் குறைய பெருக்கமும் குறைகிறது, உங்கள் 52 மட்டும் குறைவதில்லை. 120-ஆம் மாதம் 335, 132-இல் சுமார் 180, அடுத்த ஆறே மாதத்துக்குள் ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் அசையாததுபோல் இருந்து கடைசியில் சரிவதுதான் இந்த வகைச் சமன்பாட்டின் ஆபத்து. எத்தனை மாதம் ஓட்டினால் போதும் என்பதைக் கோட்டைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முதலில் வலப்பக்கத்தைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள், ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

பிடிப்பை 40 ஆக்கினால் இரண்டு சமநிலைப் புள்ளிகள் கிடைக்கும்: சுமார் 724, 276. எது தாங்கும் என்பதை வலப்பக்கத்தின் சாய்வு (‘ம’ ஒரு கிலோ கூடினால் வலப்பக்கம் எவ்வளவு மாறும் என்பது) சொல்லும். சாய்வு 0.2 − 0.0004ம. 724-இல் அது −0.09, கொஞ்சம் விலகினாலும் திரும்பி வரும். 276-இல் +0.09, விலகினால் விலகியதுதான். நம் ஊருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். அப்படியொரு வெள்ளத்தில் கரை உடைந்து மீன் 250 கிலோவாகக் குறைந்தால், அதே 40 கிலோப் பிடிப்பு 22 மாதத்துக்குள் குளத்தைத் துடைத்துவிடும். முதல் மாதம் குறைவது வெறும் இரண்டரை கிலோ என்பதால் யாருக்கும் உறைக்காது. சரியாக 50 கிலோ எடுப்பதும் நல்லதல்ல. மேலிருந்து வந்தால் 500-ஐ நெருங்கும், துளி கீழே போனாலும் மீளாது.

என் யோசனை, எடையை நிர்ணயிக்காமல் பங்கை நிர்ணயியுங்கள். இருக்கும் மீனில் மாதம் 10 சதவீதம் என்றால் சமநிலை 500 கிலோ, பிடிப்பு அதே 50 கிலோ. ஆனால் அங்கே சாய்வு −0.1. 500-ஐ ஒட்டிய விலகல் சுமார் 7 மாதத்தில் பாதியாகும். வெள்ளம் வந்து எவ்வளவு குறைந்தாலும், கொஞ்சம் மீன் மிஞ்சியிருந்தால் இந்தச் சமன்பாட்டில் குளம் மீண்டுவிடும். புராஜெக்டில் 52 கிலோ, 40 கிலோ, 10 சதவீதம் மூன்றையும் ஒரே வரைபடத்தில் 150 மாதம் வரை போட்டுக் காட்டுங்கள்.

இனி அந்தக் குதிப்பு. அது மீனின் குணமல்ல, ஆய்லர் முறையில் (இப்போதைய மாற்ற வேகமே அடுத்த படி முழுவதும் நீடிக்கும் என்று வைத்துக் கணக்கிடும் முறை) நீங்கள் வைத்த படியின் கோளாறு. 1000-க்கு அருகில் ஒவ்வொரு படியிலும் விலகல் (1 − 0.2 × படி) மடங்காகிறது. படி 12 என்றால் −1.4: பக்கம் மாறும், பெரிதாகவும் ஆகும். கடைசியில் 640-க்கும் 1193-க்கும் இடையே மாறி மாறி ஆடும். உண்மையான தீர்வோ கீழிருந்து ஏறும்போது 1000-ஐத் தாண்டவே தாண்டாது. படி 5 மாதத்துக்குள் இருந்தால் 1000-ஐ ஒட்டி ஆட்டம் இருக்காது. 5-க்கும் 10-க்கும் நடுவில் ஆடி அடங்கும், 10-ஐத் தாண்டினால் அடங்காது. ஒரு மாதப் படியில் ஓட்டுங்கள், பிறகு அரை மாதப் படியில் இன்னொரு முறை. இரண்டும் ஒத்துப்போனால் படி சரி.