மோட்டார் நோட்டு

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கத்தில் அப்பா நடத்திவந்த, எரிந்த மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் பட்டறையை, அவர் காலமானபின் நான் பார்த்துவருகிறேன். அதற்குமுன் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தொழிலை இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். பழைய வாடிக்கையாளர்கள் பலர் வருவதில்லை. அவர்களை நினைவில் வைத்துக்கொள்ள எந்தச் செயலி நல்லது? பொங்கல், தீபாவளிக்கு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பலாமா? ஸ்டிக்கர் அடித்து ஒட்டினால் பயன் உண்டா? அப்பா எழுதிய நோட்டுகள் ஒரு மூட்டை கிடக்கின்றன. ஆள் பெயரோ போன் நம்பரோ ஒழுங்காக இல்லை. தோட்டத்தின் பெயரும் ஏதோ எண்களும்தான். எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க நினைக்கிறேன். அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் மட்டும் கூடாது என்கிறார்.

எம்.

அன்புள்ள எம்.,

அந்தப் பெரியவர் சொல்வதைக் கேளுங்கள். மூட்டையை எடைக்குப் போடாதீர்கள்.

செயலி எதுவாக இருந்தாலும் சரி. ஸ்டிக்கர் ஒட்டுங்கள், ஆனால் ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வெயிலில் எழுத்து அழியாது. வாழ்த்து வேண்டாம். ஒரே பானைப் படத்தை ஐந்நூறு பேருக்கு அனுப்புகிறவர் அந்த ஐந்நூறு பேரில் ஒருவரைக்கூட நினைக்கவில்லை, பெறுகிறவருக்கும் அது தெரியும்.

‘ஏதோ எண்கள்’ என்று எழுதிவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. மோட்டாரின் பெயர்ப் பலகையில் குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர், வேகம் எல்லாம் இருக்கும். உள்ளே ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ் (தடிமன்), பிச் (ஒரு காயிலின் இரு பக்கங்களுக்கும் இடையே எத்தனை பள்ளம்) என்ன என்பது அதில் இருக்காது. கருகிய காயிலை வெட்டியெடுத்து, ஒவ்வொரு கம்பியாக எண்ணி, மைக்ரோமீட்டரில் தடிமன் பார்த்துத்தான் அதை அறிய முடியும். உங்கள் அப்பா ஒவ்வொரு மோட்டாருக்கும் அப்படி எண்ணியிருக்கிறார். அந்த உழைப்பை கிலோ இத்தனை ரூபாய் என்று எடைக்கடையில் நிறுக்கப் பார்க்கிறீர்கள். கணக்கு எழுதியவர் நீங்கள். ஒரு தொழிலின் முதல் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரு கோடையில் எங்கள் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது. வாழை வாடிக்கொண்டிருந்தது. அப்பாவும் நானும் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினோம். பட்டறைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே பக்கம் தள்ளினார்.

“அண்ணா, போன வருடமும் இதே மாதிரி மூன்று ஃபேஸ் காயிலில் இரண்டு கருகியிருந்தது, மூன்றாவது புதிதுபோல இருந்தது. ஸ்டார் இணைப்பில் மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று வராமல் ஓடினால் இப்படித்தான் ஆகும். நான் காயில் கட்டிக்கொடுத்தால் அடுத்த வருடமும் வருவீர்கள். முதலில் ஸ்டார்ட்டரைக் கழற்றி எடுத்துவாருங்கள்.”

ஸ்டார்ட்டரில் ஒரு கான்டாக்ட் தீய்ந்து, ஒரு ஃபேஸ் மோட்டாருக்குப் போகாமல் இருந்தது. அதை மாற்றியபின் அந்த மோட்டார் நெடுங்காலம் எரியவில்லை. அவருக்கு எங்களிடமிருந்து வரவேண்டிய கூலி அத்தனை வருடங்கள் வராமல் போனது. ஆனால் அக்கம்பக்கத்தில் யார் மோட்டார் எரிந்தாலும் அப்பா அவரிடம்தான் அனுப்பினார். அப்பாவின் பிறந்தநாள் அவருக்குத் தெரியாது, போன் நம்பரும் தெரியாது. எங்கள் மோட்டார் எதனால் எரிந்தது என்பது தெரிந்திருந்தது. ஆகவே சுற்று, கேஜோடு எரிந்த காரணத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள்: ஃபேஸ் போனதா, வோல்டேஜ் குறைந்ததா, தண்ணீரில்லாமல் ஓடியதா, பேரிங் தேய்ந்ததா. ஆழ்குழாயானால் எத்தனை குழாய் இறக்கியது, எந்த ஆழத்தில் மோட்டார் தொங்குகிறது என்பதும் வேண்டும். உங்கள் பக்கம் ஆயிரம் அடி தாண்டிப் போர் போடுகிறார்கள். அடுத்தமுறை மேலே எடுக்கும்போது உரிமையாளரே உங்களிடம்தான் கேட்பார்.

ஆள் பெயர் இல்லை என்று குறைப்படுகிறீர்கள். கொங்கு நாட்டில் தோட்டத்துப் பெயரைவிட நிலையான முகவரி எது? போன் நம்பர் மாறும், பெரியவர் போய் மகன் வருவார், பாகம் பிரியும், நிலம் கைமாறும். வாங்கியவரும் ‘மேட்டுத்தோட்டம்’ என்றுதான் சொல்வார். மோட்டார் அதே கிணற்றில்தான் இருக்கும். உங்கள் அப்பா யோசித்துத்தான் அப்படி எழுதியிருக்கிறார்.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் ஜப்பானின் டொயாமா மருந்து வியாபாரிகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். பதினேழாம் நூற்றாண்டில் வேரூன்றிய வியாபாரம் அது. வீடுவீடாக மருந்துப் பெட்டியை வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்தமுறை வரும்போது எது தீர்ந்திருக்கிறது என்று பார்த்து, தீர்ந்ததற்கு மட்டும் காசு வாங்குவார்கள். எந்த வீட்டில் எந்த மருந்து வைத்தோம், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் ‘காகேபாச்சோ’ என்ற பேரேட்டில் ஏறும். தொழிலை விடுகிறவர் அந்தப் பேரேட்டை இன்னொருவருக்கு விலைக்கு விற்பார். அது சொத்தாகவே கைமாறியது. உங்களுக்கு அப்படியொரு சொத்து இனாமாக வந்திருக்கிறது.

பழையவர்கள் ஏன் வருவதில்லை என்று கேட்கிறீர்கள். அப்பா போய்விட்டார், இனி நம் மோட்டாரைத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை என்று நினைத்திருப்பார்கள். நீங்கள் துக்கத்தோடு கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் புரிகிறது, தம்பி. ஒருவர் வரும்போது நோட்டைப் பிரித்து, ‘உங்கள் மோட்டாரை அப்பா இரண்டுமுறை கட்டியிருக்கிறார்’ என்று சொல்லிப் பாருங்கள். வாழ்த்துச் செய்தி எதுவும் அதைச் செய்யாது.

ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துத் தோட்டத்துப் பெயர் வரிசையில் அடுக்குங்கள். பாக்கிக் கணக்கைத் தனி நோட்டில் வையுங்கள். இந்த நோட்டு மேசையில் திறந்தே கிடக்கும், நாலு பேர் பார்ப்பார்கள். யாரைப் பற்றியும் கசப்பாக ஒரு சொல்கூட அதில் ஏறக்கூடாது.

அப்பாவின் சுருக்கெழுத்துகள் உங்களுக்குப் புரியாது. அந்தப் பெரியவருக்குப் புரியும். தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அவரை உட்காரவைத்து, பக்கம் பக்கமாகக் கேட்டு, பக்கத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுத்துவிடுங்கள்.