கடைசி வண்டி யாருன்னு கேளுங்க: டர்பன் பைக் கேள்வி பதில்

27 வருஷமா பைக் ஓட்டுறேன், தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்ல சின்ன ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். புதுசா ஓட்டுறவங்க கேளுங்க. இன்சூரன்ஸ் மட்டும் கேட்காதீங்க, அது என் துறை இல்ல.

கேள்வி (பீனிக்ஸ்): அண்ணா, லேர்னர்ஸ் எடுத்து ரெண்டு மாசம். என்னுது 150 சிசி. எதிர்ல வர்ற பெரிய பைக்காரங்க தலையாட்டிட்டுப் போறாங்க. எனக்கா?

பதில்: உனக்குத்தான் தம்பி. நீயும் ஒரு தடவை தலையாட்டினா போதும். அமெரிக்க வீடியோ பார்த்துட்டு இடது கையைக் கீழே நீட்டுறாங்க சில பேர். அங்க வலதுபக்கம் ஓட்டுறாங்க, எதிராளி இடது கைப்பக்கம் வருவான். நமக்கு எதிராளி வலதுபக்கம். அந்தக் கை ஆக்ஸிலேட்டர்ல இருக்கு. இடது கையை நீட்டினா கரும்புக்காட்டுக்குத்தான் வணக்கம் சொல்வ. வளைவுலயும் ரோபோ (இங்க டிராஃபிக் லைட்டுக்கு அதான் பேரு) கிட்டயும் தலைகூட ஆட்ட வேண்டாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கிளவுஸ் போடு.

கேள்வி (டோங்காட்): ஞாயிற்றுக்கிழமை பிரேக்ஃபாஸ்ட் ரன்னுக்கு, அதான் கூட்டமா பைக்ல போய்க் காலைச் சாப்பாடு சாப்பிட, கூப்பிடுறாங்க, நாட்டிங்ஹாம் ரோடுங்கிற ஊர் வரைக்கும். எல்லாம் 1000 சிசி வண்டி. பின்தங்கினா கிண்டல் பண்ணுவாங்களோன்னு பயமா இருக்கு அண்ணா.

பதில்: தங்கச்சி, என் முதல் ரன் கதையைக் கேளு. ஹோவிக் பெட்ரோல் பங்க்ல முப்பது பைக் வரிசையா நிக்குது. நான் பந்தாவா வந்து நிறுத்துறேன், சைடு ஸ்டாண்ட் சரியா விழல. வண்டி அப்படியே சாய்ஞ்சிடுச்சு, நானும் கூடவே. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. நாலு பேர் காப்பிக் கோப்பையைத் தரையில வச்சுட்டு வந்து வண்டியைத் தூக்கினாங்க. வளைஞ்ச கிளட்ச் லீவரை ஒரு தாத்தா கையாலயே மெல்ல மெல்ல நிமிர்த்தினார். "வேகமா நிமிர்த்தினா ஒடிஞ்சிடும்"னு மட்டும் சொன்னார். சிரிச்சாங்க, ஆனா என்னைப் பார்த்து இல்ல. ஆளாளுக்குத் தான் விழுந்த கதையை ஆரம்பிச்சுட்டாங்க.

நீ போறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளு: "கடைசி வண்டி யாரு?" அந்த ஆள் யாரையும் முந்தமாட்டார், உன்னைத் தனியா விடவும் மாட்டார். பதில் சொல்லத் தெரியாத குழுன்னா வீட்டுல இட்லி சாப்பிடு. நல்ல குழுவுல புது ஆளை முன்வண்டிக்கு அடுத்ததா விடுவாங்க. உன் வேகத்துக்குத்தான் மத்தவங்க வரணும். என்3 நெடுஞ்சாலையில டவுன் ஹில்ங்கிற ஏத்தத்துல லாரிக்கூட்டமும் மூடுபனியும் இருக்கும். அங்க முன்னாடி போறவங்க மறைஞ்சாலும் துரத்தாதே. சேர்ந்து போறது வேற, துரத்திப் போறது வேற. அடுத்த திருப்பத்துல நிப்பாங்க.

கேள்வி: எந்த ஹெல்மெட் வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போய் பத்து நிமிஷம் தலையில போட்டுப் பாரு. நெத்தி வலிச்சா அடுத்தது.

கேள்வி: எதிர்ல பைக் வந்தா கையசைக்கணுமா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

கேள்வி: இந்தக் குளிர்காலத்துல நண்பர்கள் சானி பாஸ் மலைப்பாதை ஏறப் போறாங்க. நானும் போகலாமா? ஓட்ட ஆரம்பிச்சு மூணு மாசம்.

பதில்: வேண்டாம். கல்லும் சரளையும், குளிர்காலத்துல மேல ஐஸ். 2,876 மீட்டர் உயரம். உச்சியில லெசோத்தோ, அதனால பாஸ்போர்ட்டும் வேணும். மண்ரோடு ஓட்டக் கத்துக்கிட்டு அடுத்த வருஷம் போ.

கேள்வி: டெலிவரி பையன்களுக்கும் தலையாட்டணுமா? அவங்க பைக்கர்ஸ் இல்லையே.

பதில்: ரெண்டு சக்கரம் இருக்கா? தலையாட்டு.

இடையில ஒருத்தர்: அண்ணே, அவங்க சிவப்புல ரோபோவைத் தாண்டுறாங்க. அவங்களால நமக்குத்தான் கெட்ட பேரு. மரியாதை எதுக்கு?

பதில்: தாண்டுறது தப்பு, ஒத்துக்கறேன். உங்க ஞாயிறு குழுவுல யாரும் தாண்டினதே இல்லையா? போன வருஷம் எம்4 ரோட்டுல மழையில என் செயின் கழண்டுச்சு. பெரிய வண்டிங்க ஆறோ ஏழோ போச்சு, ஒருத்தரும் நிக்கல. நின்னது மலாவிப் பையன் ஒருத்தன், முதுகுல யாரோட மளிகையோ. அவனுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. என் கையில கிரீஸ் ஆகக்கூடாதுன்னு அவன்தான் செயினை மாட்டினான். ஞாயித்துக்கிழமை நாம ஆசைக்கு ஓட்டுறோம், அவன் மழையில ஏழு நாளும் ஓட்டுறான். யார் பைக்கர்?

அதே ஆள்: ஒரு பையனை வச்சு எல்லாரையும் சொல்ல முடியாது.

பதில்: ரோபோ தாண்டின ஒருத்தனை வச்சு நீங்க சொல்லலாமோ? சரி, இதை இங்கயே விடுவோம். ஒர்க்‌ஷாப்புக்கு வாங்க, டீ போடுறேன், அங்க சண்டை போடலாம்.

கேள்வி: அண்ணா, பைக்காரங்க தலையாட்டினா...

பதில்: ஐயோ.

கேள்வி: நவம்பர்ல டாய் ரன் (குழந்தைகளுக்குப் பொம்மை கொண்டு போற பைக் ஊர்வலம்) வருதே, லேர்னர்ஸ் வச்சு வரலாமா? தங்கச்சியைப் பின்னாடி உட்கார வச்சு?

பதில்: நீ வா. லேர்னர்ஸ்ல பின்னாடி ஆள் ஏத்தக்கூடாது, தங்கச்சி பஸ்ல வரட்டும். குழந்தைகளுக்கு ஒரு பொம்மை கொண்டு வந்தா போதும், 150 சிசியான்னு யாரும் பார்க்க மாட்டாங்க. பொம்மையைக் கட்டுற கயிறு நுனி செயின் பக்கம் தொங்காம உள்ளே சொருகு. போன தடவை ஒரு கரடி பாதி வழியில சக்கரத்துக்குள்ள போயிடுச்சு. அப்புறம், கிளவுஸ் உனக்கு, கரடிக்கு இல்ல.